மேனேஜருக்கு ஒரு கூண்டு

அந்த ஹாம்ஸ்டர் வீட்டுக்கு வந்தது ஒரு செருப்புப் பெட்டிக்குள். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோகிறாள். போகிற அவசரத்தில் அதை இவள் தலையில் கட்டிவிட்டாள். மகளுக்கு வயது பத்து. வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவந்தவள் கதவைக் காலால் தட்டினாள்.

"அம்மா, முதல்ல பாரு. பாத்துட்டு அப்புறம் கத்து."

அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கிழித்துப்போட்ட செய்தித்தாளுக்கு நடுவில் பழுப்பாக ஒரு பஞ்சு உருண்டை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"எலி."

"ஹாம்ஸ்டர்மா."

"வாலறுந்த எலி. நாளைக்கே திருப்பிக் குடுத்துடு."

"யார்கிட்டக் குடுக்கறது? அவங்க சாமான் லாரியே கிளம்பிடுச்சு."

அன்று ஞாயிற்றுக்கிழமை; வெளியே போயிருந்த அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். அவன் ஒரு மரச்சாமான் கம்பெனியில் ஃபிட்டர். வாங்கியவர்கள் வீட்டுக்கே போய், பலகை பலகையாக வந்து இறங்கும் அலமாரியையும் கட்டிலையும் பொருத்தி நிமிர்த்திக் கொடுப்பதுதான் வேலை. ஊரில் எத்தனையோ வீட்டு அலமாரிகள் அவன் கைபட்டு நேராக நின்றன. சொந்த வீட்டில் குளியலறைக் கதவு நாலு வருஷமாகத் தரையை உரசிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் பாக்கறேன்" என்பான். அம்மாவும் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, சொல்வதையே விட்டுவிட்டாள்.

அவன் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஹாம்ஸ்டர் கண் விழித்தது, பக்கத்தில் கிடந்த சூரியகாந்தி விதைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்துக்குள் அமுக்கியது, மறுபடி சுருண்டுகொண்டது.

"அடேங்கப்பா! வாய் நிறைய அமுக்கிக்கிட்டு நாள் பூரா தூங்குறான். அச்சு அசல் எங்க மேனேஜர்."

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"மேனேஜரைப் பெட்டியில வைக்க முடியுமா? நான் கூண்டு செஞ்சு தரேன்" என்றான் அப்பா.

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கே வந்துவிட்டான். தோளில் இரண்டு பலகைகள். மூலை நசுங்கியதென்று யாரோ திருப்பி அனுப்பிய அலமாரியின் பக்கப் பலகைகளாம். ஒரு வருஷமாகவே அவன் வீட்டுக்கு வர ஒன்பது மணிக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. கேட்டால் கடைசி டெலிவரி தள்ளிப்போய்விட்டது என்பான். இப்போது ஆறு மணி.

அப்பாவும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு படித்தார்கள். கடையில் விற்கிற கூண்டெல்லாம் ஹாம்ஸ்டருக்குப் பத்தாது. அது ஓட வேண்டும், தோண்ட வேண்டும், தோண்டுவதற்கு ஒரு சாண் உயரத்துக்கு மரச்சீவல் பரப்ப வேண்டும். வலைக் கண்ணில் சுண்டுவிரல் நுழையக் கூடாது, நுழைந்தால் மேனேஜரும் நழுவிவிடுவார். ஓடுகிற சக்கரத்தில் கம்பி இருக்கக் கூடாது, கால் மாட்டிக்கொள்ளும். அவன் ஓர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தான். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். முன்னால் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு, மேலே வலையடித்த மூடி, உள்ளே ஒரு மாடி, மாடிக்கு ஏணி.

"எலிக்கு மாடி வீடு. மனுஷங்களுக்குக் குளிக்கிற ரூம் கதவு சாத்திக்க மாட்டேங்குது" என்று அவள் பாத்திரத்திடம் சொன்னாள்.

பழைய ஆளாக இருந்தால் சிடுசிடுத்திருப்பான். இப்போது சிரித்தான். அது அவளுக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாம் நாள், வீட்டு வாசலுக்கு வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு, அவற்றின்மேல் பலகையை வைத்து அறுத்துக்கொண்டிருந்தான். வாண்டு உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, கொஞ்சம் வந்து புடியேன். ஆடுது."

மனைவிதான் போய்ப் பிடித்தாள். ரம்பத்தின் அதிர்வு பலகை வழியாக ஏறி முழங்கை வரைக்கும் வந்தது. முடியெல்லாம் மரத்தூள். அறுத்து முடித்ததும் அவன் குனிந்து அவள் நெற்றியில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டான். தன்னை மீறி அவளுக்கு வெட்கம் வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்ன வெட்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃப்ரேமில் லென்ஸ் ஏற்றுவது, தளர்ந்த காலை முடுக்குவது, மூக்குத்தாங்கி மாற்றுவது. கடுகு அளவு ஸ்க்ரூவோடு தினமும் மல்லுக்கட்டிப் பழகிய விரல்கள். மூடிக்குச் சின்ன கீல் பொருத்தும்போது அவனுடைய தடித்த விரலிலிருந்து ஸ்க்ரூ நழுவி நழுவி விழுந்தது. அவள் தன் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து ஒரு நொடியில் மாட்டிக் கொடுத்தாள்.

"அட, கைன்னா இது கை!" என்றான்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்து தானாகச் சிரித்தாள். "என்னம்மா, என் மூஞ்சி அவ்வளவு கோணலாவா இருக்கு?" என்றார் பெரியவர்.

போனில் அக்காவிடம் சொன்னாள்: "மனுஷன் மாறிட்டாருக்கா. ஆறு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்காரு."

"திடீர்னா?"

"ஆமா, திடீர்னுதான். நல்லது திடீர்னு நடக்கக்கூடாதா?"

அக்கா பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். அக்காவுக்கு எப்போதும் அடுத்தவர் நல்லா இருந்தால் பொறுக்காது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. விளிம்புகளை மூன்று தடவை உப்புத்தாளால் தேய்த்தான். மேனேஜர் கடித்துவைப்பான் என்று வார்னிஷ் அடிக்கவில்லை. வாண்டுவை நிற்கவைத்து, அவள் கை எட்டும் உயரம் பார்த்து மூடியை வைத்தான். எப்போது சீவல் மாற்ற வேண்டும், தண்ணீர் பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அவளை ஒரு நோட்டில் எழுதச் சொன்னான். "எழுதிட்டியா? படி பாக்கலாம். நாளைக்கு யாரையும் கேக்காம நீயே பண்ணணும்." பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு என்ன அக்கறை என்றுதான் தோன்றியது. வேறொன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் கூண்டு முடிந்தது. மேனேஜரை உள்ளே விட்டுவிட்டு மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தகடு வழியாகப் பார்த்தார்கள். அது நாலு மூலையையும் மோந்து பார்த்தது. ஏணியில் பாதி ஏறி உருண்டு விழுந்தது. மறுபடி ஏறியது. கடைசியில் சக்கரத்தைக் கண்டுபிடித்து ஓடத் தொடங்கியதும் வாண்டு கைதட்டிக் கூச்சல் போட்டாள். மகளின் முதுகுக்கு மேலாக அவன் கையை நீட்டி இவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். 'இப்படியே இருந்தால் போதும்' என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு எத்தனையோ நாள் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூண்டைப் பார்க்க வரும்படி கூப்பிடுவதற்கு வாண்டு கீழ் வீட்டு வாத்தியாரிடம் ஓடியிருந்தாள். அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கதவோரம் வேலைப்பையும் ஒரு பெட்டியும் இருந்தன.

"ஞாயித்துக்கிழமையுமா வேலை?"

"இல்ல. நான் போறேன்."

"எங்க?"

சொன்னான். போன வருஷம் ஒரு வீட்டுக்கு அலமாரி பொருத்தப் போனான். அந்த வீட்டுக்காரி தனியாக இருப்பவள். டெலிவரிச் சீட்டை வாசிப்பது போல நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டான்.

"ஒரு வருஷமாவா?"

"ம்."

"அப்போ இந்த மூணு வாரம்? ஆறு மணிக்கு வந்தீங்களே?"

அவன் தரையைப் பார்த்தான். "கூண்டு முடியட்டும்னுதான் இருந்தேன். பாப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு செஞ்சு குடுத்துட்டுப் போகணும்னு தோணுச்சு."

கேட்க ஆயிரம் இருந்தது. யார் அவள், எத்தனை வயசு, நான் என்ன குறை வைத்தேன், பிள்ளைக்கு என்ன பதில் சொல்வாய். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் பலகையைப் புடிச்சேனே."

"என்ன?" அவனுக்குப் புரியவில்லை.

"ஒண்ணுமில்ல. போங்க."

மகளிடம் படிக்கட்டில் வைத்து அவனே சொல்லிவிட்டுப் போனான். வாண்டு மேலே வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயந்திரம்தான் அழுதாள்.

பத்து நாள் கழித்துச் சக்கரம் கழன்று விழுந்தது. வாண்டு அப்பாவுக்குப் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேலைப்பையோடு வந்தான். ஐந்து நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் இருந்தான். மகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டான். "டீ கிடைக்குமா?" என்றும் கேட்டான். அவள் போட்டுக் கொடுத்தாள். கேட்காமலே அவன் அளவுக்குச் சர்க்கரை போட்ட தன் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து மூடியின் கீல் தொங்கியது. அப்புறம் ஏணி. அப்புறம் மாடியின் ஒரு கால். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஏதாவது ஒன்று. "நல்ல கெட்டியாத்தானே முடுக்கினேன், எப்படித்தான் கழலுதோ" என்று தலையைச் சொறிவான். அவள் எடுத்துக் கொடுக்காத சட்டைகளில் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவன் சிரிப்பு ஹாலில் கேட்கும்போதெல்லாம் அவள் துவைத்த துணியையே மறுபடி வாளியில் போட்டு அலசினாள். அவன் வந்து, சிரித்து, டீ குடித்து, கை கழுவிக்கொண்டு போவான். போன பிறகு இரண்டு நாளைக்கு வாண்டு பாட்டுப் பாடிக்கொண்டு திரிவாள். அதையும் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அழிரப்பர் தேடி வாண்டுவின் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தாள். கோணமானிக்கு அடியில், பஞ்சில் சுற்றி, ஏழு ஸ்க்ரூவும் இரண்டு நட்டும் இருந்தன. கூடவே தன்னுடைய சின்ன ஸ்க்ரூ டிரைவர். அதைத் தொலைத்ததற்குத்தான் கடையில் அவள் பேச்சு வாங்கியிருந்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொடிசு எவ்வளவு கெட்டிக்காரி! அப்புறம் மகளின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி அப்பனை வரவழைத்திருக்கிறாள். அவன் புது ஸ்க்ரூ போட்டுவிட்டுப் போனதும் பழையதைப் பத்திரமாக எடுத்துச் சேர்த்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து மூடினாள். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில், முடுக்கிய ஸ்க்ரூ திரும்பக் கழலாமலிருக்க ஒரு சொட்டுப் பசை விடுவார்கள். காய்ந்துவிட்டால் யார் முறுக்கினாலும் அசையாது. மூன்றாம் நாள் அந்தப் பாட்டிலை அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை ஸ்க்ரூவைக் காட்டிப் பிச்சை எடுக்கக் கூடாது; அப்பன் என்றால் அவனாக வர வேண்டும். இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். முடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவன் வருவானா என்று பார்க்க வேண்டும். வர மாட்டான் என்று அவளுக்கு நிச்சயம். அந்த நிச்சயம் தன் ஒருத்தியோடு நிற்பது பொறுக்கவில்லை. மகளுக்கும் தெரியட்டும்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வாண்டு பள்ளிக்கூடத்தில். மூடி, கீல், சக்கரம், ஏணி, மாடியின் நாலு கால் என்று ஒன்று விடாமல் முடுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவின் மேலும் ஒரு சொட்டு விட்டாள். வழிந்ததைத் துணி முனையால் துடைத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. மேனேஜர் ஒரு தடவை தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சீவலுக்குள் போய்விட்டது.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சமையலறையில் இருந்த அவளுக்குக் கூண்டுப் பக்கமிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை வாண்டுவின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது. நகம் பிய்ந்திருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாண்டு போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா, வரீங்களா?"

"என்னடா கண்ணா, இந்த வாட்டி எது போச்சு?"

மகள் கூண்டைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஒண்ணும் போகலப்பா."

"ஒண்ணும் போகலையா? அப்பாடா! போன தடவை போட்டது நின்னுடுச்சு பாத்தியா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லதாப் போச்சுடா. இங்க கொஞ்சம் வேலை இருக்கு, அதை முடிச்சுக்கறேன். ஏதாச்சும் கழண்டுதுன்னா போன் பண்ணு, என்ன?"

"சரிப்பா."

அடுத்த ஞாயிறும் இதே பேச்சு. அதற்கடுத்த ஞாயிறு வாண்டு போன் பண்ணவில்லை. அவனும் பண்ணவில்லை. அவள் நினைத்தது அப்படியே நடந்தது. நினைத்தது நடந்ததில் கொஞ்சமாவது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அன்று சாயந்திரம் வாண்டு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நீதானேம்மா ஒட்டினே?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "ஆமா."

"ஏன்?"

"அவர் உன்னைப் பாக்க வரணும். ஸ்க்ரூ முடுக்க வரக்கூடாது."

"எதுக்கு வந்தா என்னம்மா? வந்தாரில்ல?"

மானம், மரியாதை என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எதிரில் நிற்பது பத்து வயசுப் பிள்ளை. வாயை மூடிக்கொண்டாள்.

"நீ கழட்டினது எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

"தெரிஞ்சா சும்மா இருந்திருக்கலாம்ல."

மறுநாள் கடைக்குப் பின்னால் போய் நின்று அவளே அவனுக்குப் போன் பண்ணினாள். அவன் போன பிறகு அவளாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சக்கரம் கழண்டுடுச்சு" என்று பொய் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வந்து போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

பின்னால் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "நீயே முடுக்கிடேன். என்னைவிட உனக்குத்தான் அது நல்லா வருமே. இங்க நான் ஒரு ஷெல்ஃப் மாட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசட்டுமா?"

"அவ உங்களைத் தேடறா."

"தெரியும்மா. வரேன்னு சொல்லு. ஒரு நாள் கண்டிப்பா வரேன்."

வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு இந்த வாரமும் வேலையாம்" என்றாள்.

"நான் கேக்கவே இல்லையே" என்றாள் வாண்டு.

அதற்கப்புறம் கூண்டு வேலை எதிலும் அம்மாவைக் கைவைக்க அவள் விடவில்லை. நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தானே எல்லாம் செய்தாள். முன்பெல்லாம் மாடியையும் ஏணியையும் கழற்றிக் கழுவிவிட்டு மாட்டுவாள். இப்போது எதுவும் கழலவில்லை. சனிக்கிழமைதோறும் தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு, கன்னத்தைத் திறந்த மூடியின் வலையில் அழுத்திக்கொண்டு, மூலையில் கிடக்கும் ஈரச் சீவலைப் பிடி பிடியாக அள்ளி எடுப்பாள். முழங்கையில் சிராய்த்துக்கொள்வாள்.

"நான் வேணா அந்த மாடியை அறுத்து எடுத்துடறேன்டி. கஷ்டப்படாத."

"வேணாம்."

அதன் பிறகு அந்த வருஷத்தில் அவன் இரண்டே தடவைதான் வந்தான். ஒன்று மகளின் பிறந்தநாளுக்கு. இன்னொன்று, விட்டுப்போன சர்டிஃபிகேட் எதையோ எடுக்க. இரண்டாவது தடவை உட்காரக்கூட இல்லை.

மேனேஜருக்கு வயதாகிவிட்டது. ஓட்டம் குறைந்தது, முதுகில் முடி கொட்டியது. முழுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை அது சீவலுக்குள்ளேயே விறைத்துக் கிடந்தது. வாண்டு தன் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் சமையல் கரண்டியால் குழி தோண்டினாள். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். மகள் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

வாண்டு மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டுக் கரண்டியைத் தட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயந்திரம் அவனே போன் பண்ணினான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாண்டு எதிரில் உட்கார்ந்து நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கையால் போனை எடுத்தாள். பள்ளிக்கூடம் எப்படி, மார்க் எவ்வளவு என்றெல்லாம் கேட்டான். அப்புறம்,

"நம்ம மேனேஜர் எப்படி இருக்கான்?"

கத்தி நின்றது.

"நல்லா இருக்கான்ப்பா" என்றாள் வாண்டு.

"கூண்டு?"

"கெட்டியா இருக்கு."

"பின்ன! யார் செஞ்சது?" அவன் சிரிப்பது இவளுக்கும் கேட்டது.

இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாண்டு போனை வைத்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சொல்ல ஏதாவது இருந்தால் சொல் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மிச்சக் காயை நறுக்கினாள்.

"அம்மா, அந்தக் கத்திரிக்கோலை எடு" என்றாள் மகள்.